தோழி கேட்ட 5 மாதச் சம்பளம்: ஒரு கடன் வேண்டுகோளின் நிகழ்வு ஆய்வு

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய இரு தோழியரிடையே எழுந்த ஒரு கடன் வேண்டுகோளையும், அது ஆராயப்பட்ட முறையையும், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின் அது முடிவுக்கு வந்த விதத்தையும் இப்பதிவு விவரிக்கிறது. குடும்ப வரவுசெலவு குறித்து ஆலோசனை கூறுபவன் என்ற முறையில் தொடக்கத்திலிருந்தே இதை அருகிலிருந்து காண நேர்ந்தது. இருவருடைய ஒப்புதலும் பெறப்பட்டுள்ளது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. பணம் கேட்கப்பட்டவர் பள்ளி ஆசிரியை. கேட்டவர் ஒரு சிறிய அச்சகத்தின் உரிமையாளர். அவர்களை அவ்வாறே குறிப்பிடுகிறேன். தொகைகள் அனைத்தும் ஆசிரியை ஒரு மாதத்தில் கையில் வாங்கும் சம்பளத்தை அளவுகோலாகக் கொண்டு சொல்லப்பட்டுள்ளன. ஒரு தொகை பெரியதா சிறியதா என்பது கொடுப்பவரின் வருமானத்தைப் பொறுத்ததாகையால், நாணயத்தில் சொல்வதைவிட இதுவே தெளிவாக இருக்கும்.

பின்னணி

இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் முன்னின்று வேலை செய்யும் அளவுக்கு நெருக்கம் உண்டு. இவர்களிடையே கைமாற்றாகச் சிறு தொகைகள் பலமுறை கொடுக்கப்பட்டு, சொன்ன வாரத்துக்குள் திரும்பியும் வந்திருக்கின்றன. பெரும்பாலும் கேட்டவர் அச்சக உரிமையாளர்தான் என்றாலும், மகப்பேற்றுக் காலத்தில் சம்பளம் தடைபட்டபோது ஆசிரியையும் ஒருமுறை அவரிடமிருந்து பெற்றிருக்கிறார். இந்தப் பழைய உதவி பின்னால் நடந்த பேச்சில் யாராலும் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. ஆயினும் ஆசிரியையின் மனத்தில் அது பெரிய பாரமாக இருந்தது.

அச்சகம் முதல் சில ஆண்டுகள் நன்றாக நடந்தது. பிறகு, வாடிக்கையாளர்களாக இருந்த அலுவலகங்கள் தங்கள் படிவங்களையும் பதிவேடுகளையும் கணினிக்கு மாற்றத் தொடங்கியதால் வேலை குறைந்தது. அந்தக் குறைவை ஈடுகட்ட, வண்ண அச்சு வேலைகளைப் பிடிக்கலாம் என்ற கணக்கில், ஒரு புதிய இயந்திரம் தவணையில் வாங்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கு வேலை வரவில்லை. தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது.

கேட்கப்பட்ட விதம்

வேண்டுகோள் ஓர் இரவு தொலைபேசியில் வந்தது. கேட்கப்பட்ட தொகை 5 மாதச் சம்பளம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பில் தொகையைத் தராமல் இழுத்தடிக்கிறார் என்பதும், அவர் கொடுத்தவுடன், எப்படியும் 3 மாதத்துக்குள், முழுவதையும் திருப்பிவிடலாம் என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன. இரண்டு நாளுக்குள் பணம் வேண்டும் என்றும், ஆசிரியையின் கணவருக்கு இது தெரிய வேண்டாம் என்றும் அச்சக உரிமையாளர் கேட்டுக்கொண்டார்.

ஆசிரியை உடனே சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. கையிருப்பைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறினார். மறுநாள் என்னிடம் பேசியபோது அவர் முன்வைத்த கேள்வி, தோழியை நம்பலாமா என்பதாகவே இருந்தது. அந்தக் கேள்விக்கு அவரிடமே பதில் இருந்தது: தோழி ஏமாற்றக்கூடியவர் அல்லர். ஆனால் கொடுத்த கடன் திரும்பாமல் போவதற்கு நேர்மையின்மை ஒரு காரணம் மட்டுமே; அதைவிட அடிக்கடி காணப்படுவது, திருப்பித் தர முழுமனத்துடன் விரும்பும் ஒருவரிடம் அதற்கான வருமானம் இல்லாமலிருப்பது. ஆகவே குணத்தைப் பற்றிய விசாரணையை அத்துடன் நிறுத்திக்கொண்டு, இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. முதலில் கொடுப்பவருடையது, பிறகு கேட்பவருடையது.

கொடுப்பவரின் கணக்கு

ஆசிரியையின் குடும்பச் சேமிப்பு 7 மாதச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தது. பார்த்தவுடன், 5 கொடுத்தாலும் 2 மீதமிருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சேமிப்பில் 2 மாதச் சம்பளம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கானது. அடுத்த சில மாதங்களுக்குள் கட்டியாக வேண்டியது. கணவரின் வருமானம் நிலையற்றது என்பதால், நோய், வேலையிழப்பு போன்றவற்றுக்காகக் குறைந்தது 4 மாதச் சம்பளத்தை எப்போதும் தொடாமல் வைத்திருப்பது என்பது தம்பதியர் முன்பே எடுத்திருந்த முடிவு. இது மிகையான எச்சரிக்கை அன்று. 3 முதல் 6 மாதம் வரையிலான அத்தியாவசியச் செலவைக் கையிருப்பாக வைத்திருப்பது பொதுவாக எல்லோருக்கும் சொல்லப்படும் அளவுதான். இவற்றைக் கழித்தால், வராமலே போனாலும் குடும்பம் தடுமாறாது என்று சொல்லக்கூடிய தொகை 1 மாதச் சம்பளம் மட்டுமே.

தனிப்பட்ட கடன் ஒன்றைத் தம் பெயரில் வாங்கித் தோழிக்குக் கொடுத்துவிடலாமா என்றும் ஆசிரியை யோசித்தார். வங்கிக்கு மாதந்தோறும் தேதி தவறாமல் கட்டுவது அவர் பொறுப்பாகவும், அவருக்குத் தோழி கட்டுவது நட்பின் பொறுப்பாகவும் இருக்கும் அந்த ஏற்பாட்டில், முதலாவதற்குத் தவணைத் தேதி உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இந்த யோசனை அதிக நேரம் நிலைக்கவில்லை.

கேட்பவரின் கணக்கு

தோழியிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பாகிவிடுமோ என்ற தயக்கம் ஆசிரியைக்கு இருந்தது. அதனால் கேள்வி, 'இந்தப் பணம் எந்தெந்த இடத்துக்குப் போகிறது என்று சொல், எதை முதலில் அடைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்' என்ற வடிவத்தில் கேட்கப்பட்டது. விவரங்கள் ஒரே நாளில் வெளிவரவில்லை. முதல் பேச்சில் வாடிக்கையாளர் பாக்கி மட்டும் வந்தது. இரண்டாவது பேச்சில் கிரெடிட் கார்டு. மூன்றாவதில்தான், தம் கணவருக்கே தெரியாமல் தனியாரிடம் வட்டிக்கு வாங்கியிருந்த கடன்.

முழுப் பட்டியல் இவ்வாறு அமைந்தது. காகிதம் கொடுத்தவருக்கு 1 மாதச் சம்பளம் பாக்கி. அதை அடைத்தால்தான் கையிலிருக்கும் அடுத்த வேலைக்குக் காகிதம் கிடைக்கும். ஊழியர் கூலியும் கடை வாடகையும் சேர்த்து 1. கிரெடிட் கார்டில் 1. தனியார் கடன் 2. மொத்தம் 5. கார்டுக்கும் தனியார் கடனுக்கும் வட்டி மாதம் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மாதம் 3 என்றால் சிறிதாகத் தோன்றும். வட்டியைக் கட்டாமல் முதலோடு சேர விட்டால் அது ஓர் ஆண்டில் ஏறத்தாழ 43 விழுக்காடாகிறது. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்ததால், கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் அசையாமல் நின்றது.

வரவேண்டியது 3. வாடிக்கையாளரின் பாக்கி உண்மையானதே. பில்லும் ஒப்புகையும் இருந்தன. ஆனால் அச்சகத்தின் மாதாந்திர வரவுக்கும் செலவுக்கும் இடையே, இயந்திரத் தவணையையும் வட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், மாதம் கால் சம்பள அளவுக்குப் பற்றாக்குறை இருந்தது. இப்போது சொல்லப்பட்டபடியே எல்லாம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியை 5 கொடுக்கிறார். எல்லாக் கடனும் அடைகிறது. வட்டிச் செலவு நின்று பற்றாக்குறை ஓரளவு குறைகிறது. மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் முழுத்தொகை 3-ஐத் தருகிறார். அந்த மூன்று மாதப் பற்றாக்குறையைக் கழித்தபின் கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டரை. திருப்ப வேண்டியது 5. அச்சக உரிமையாளர் பொய் சொல்லவில்லை. பாக்கி வந்தால் அடைத்துவிடலாம் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். இந்தக் கழித்தலை அவர் அதுவரை காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை.

இந்த நிகழ்வில் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கணக்குதான் என்பது என் கருத்து. வர வேண்டிய பணம் தாமதமாவதால் உண்டாகும் தட்டுப்பாடும், மாதந்தோறும் வரவைவிடச் செலவு அதிகமாக இருப்பதால் உண்டாகும் பற்றாக்குறையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் இன்று கையில் காசு இல்லை. முன்னதற்குக் கடன் உதவும். பின்னதற்குக் கொடுக்கப்படும் கடன், அதே நிலைமை சில மாதம் நீடிக்க வழிசெய்துவிட்டு, இறுதியில் கடன்காரர்களின் எண்ணிக்கையில் ஒரு தோழியையும் சேர்த்துவிடும். அச்சகத்தில் இரண்டும் கலந்திருந்தன. அதனால்தான் பதில் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அமையவில்லை.

ஜாமீன் கையெழுத்து என்ற மாற்று வழி

ஆசிரியை தயங்குவதைக் கண்ட அச்சக உரிமையாளர், ஒரு நிதி நிறுவனத்தில் தாம் கடன் வாங்கிக்கொள்வதாகவும், ஆசிரியை ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் கூறினார். ஆசிரியைக்கு இது நிம்மதியாக இருந்தது. தம் கையிலிருந்து பணம் போகவில்லை, தோழியையும் கைவிடவில்லை என்று அவர் கருதினார்.

அந்த நிம்மதி ஆதாரமற்றது. ஜாமீன்தாரரின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்பதே பல நாடுகளின் சட்டநிலை. தவணை தவறினால், கடன் வாங்கியவரிடம் எல்லா வழிகளிலும் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. அசலோடு வட்டியும் அபராத வட்டியும் வசூல் செலவும் சேர்ந்தே கேட்கப்படும். பின்னாளில் ஆசிரியை தம் மகளின் படிப்புக்காகக் கடன் கேட்கப் போனால், இந்த ஜாமீன் அவருடைய பொறுப்புகளில் ஒன்றாகக் கணக்கில் கொள்ளப்படவும் கூடும்.

இவற்றையெல்லாம்விட ஆசிரியையின் மனத்தை மாற்றியது வேறொன்று. நேரடியாகக் கடன் கொடுத்தவர், தோழிக்குச் சிரமம் வந்தால் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளலாம், பாதியைத் தள்ளுபடி செய்யலாம், கேட்காமலே இருக்கலாம். ஜாமீன் போட்டவருக்கு அந்த உரிமை எதுவும் இல்லை. எப்போது, எவ்வளவு, எந்தக் குரலில் கேட்பது என்பதை மூன்றாவது ஆள் முடிவு செய்வார். நட்பைக் காப்பாற்ற என்று எடுக்கப்படும் வழியில், நட்பின் பேரில் விட்டுக்கொடுக்கும் வாய்ப்பே பறிபோகிறது என்பதை உணர்ந்தபின் ஆசிரியை அந்த யோசனையை முற்றாக விலக்கினார்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

கணவருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்ற நிபந்தனையை ஆசிரியை ஏற்கவில்லை. சேமிப்பு இருவருடையது, எனவே கொடுப்பதைப் பற்றிய பேச்சும் இருவருடையது. தனியார் கடனைப் பற்றிய விவரத்தை மட்டும் அவர் கணவரிடம் சொல்லாமல் விட்டார். அது தோழி தம்மை நம்பிச் சொன்னது, முடிவெடுக்க அது தேவைப்படவும் இல்லை. இந்த வேறுபாட்டை அவர் வகுத்துக்கொண்ட விதம் சரியானதென்றே நினைக்கிறேன்.

பின்னர் எட்டிய முடிவின்படி, 1 மாதச் சம்பளம் மட்டும் வட்டியின்றிக் கடனாகக் கொடுக்கப்படும். அது அச்சக உரிமையாளரின் கைக்குப் போகாமல் காகித வியாபாரிக்கு நேராகச் செலுத்தப்படும். காகிதப் பாக்கியைத் தேர்ந்ததற்குக் காரணம், பட்டியலில் இருந்த 5-இல் அந்த 1 மட்டுமே புதிய வரவைக் கொண்டுவரக்கூடியதாக இருந்தது. வட்டிக்கடனை அடைப்பது அதிக மிச்சம் தரும் என்று வாதிடலாம். ஆனால் 2-இல் 1-ஐ அடைத்தால் அந்தக் கடன் பாதியாகுமே தவிரத் தீராது, கையிலிருந்த வேலையும் நின்றுபோயிருக்கும். நேராகச் செலுத்துவது அவநம்பிக்கையாகத் தோன்றுமோ என்ற கேள்வி எழுந்தது. அவசரத்தில் இருப்பவர் கையில் வரும் பணம் அன்று வாசலில் நிற்கும் கடன்காரருக்கே போகும் என்பதை அச்சக உரிமையாளரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஒரு பக்கத்தில் எழுத்து தயாரிக்கப்பட்டது: தொகை, தேதி, வட்டி இல்லை என்ற குறிப்பு, வாடிக்கையாளர் பாக்கி வந்தவுடன் திருப்ப வேண்டும் என்ற வரி, அதற்கு ஒரு கடைசித் தேதி, இருவர் கையெழுத்து. நண்பர்களுக்கிடையே எழுத்து எதற்கு என்பார்கள். வாய்மொழிக் கடனிலும் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு உண்டு என்பதோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொள்வது பல இடங்களில் அக்காலவரம்பைப் புதிதாகத் தொடங்கச் செய்யும் என்பதோ இங்கே முதன்மைக் காரணம் அன்று. ஆசிரியை வழக்குப் போடப்போவதில்லை. இருவரில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டும். தவிரவும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமாக நினைவுகூர்வதைத் தடுக்க அதைவிட எளிய வழியில்லை.

'திரும்பி வராது என்று நினைத்துக் கொடு' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தொகையின் உச்ச வரம்பை முடிவு செய்ய அது நல்ல அளவுகோல். ஆசிரியையும் அவ்வாறே பயன்படுத்தினார். ஆனால் அதையே நடத்தை விதியாக்கிக்கொண்டால், கொடுத்தவர் மனத்துக்குள் நன்கொடையாகவும் வாங்கியவர் மனத்துக்குள் கடனாகவும் ஒரே பணம் கிடக்கும். ஒருவர் கேட்க மாட்டார். மற்றவர் கொடுக்க முடியாததால் பார்ப்பதையே தவிர்ப்பார். கொடுப்பது கடன் என்றால் அதைக் கடன் என்றே சொல்லிக் கொடுப்பதும், நன்கொடை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்வதும் இருவருக்கும் மரியாதை.

முடிவு தெரிவிக்கப்பட்ட விதம்

ஆசிரியை நேரில் சென்று சொன்னார். தொகையை முதலிலேயே கூறினார். தம் குடும்பச் செலவுகளை அடுக்கி நியாயப்படுத்தவில்லை. காரணங்களை வரிசையாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு எதிர்முனையிலிருந்து வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஜாமீன் போட இயலாது என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிட்டார்.

'உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை' என்றார் அச்சக உரிமையாளர். ஆசிரியை, 'உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. இந்தக் கணக்கின்மேல் இல்லை' என்று பதிலளித்து, மூன்று மாத முடிவில் இரண்டரைதான் கையில் நிற்கும் என்று காட்டும் தாளை மேசைமேல் வைத்தார். அன்று அந்தத் தாள் எடுத்துப் பார்க்கப்படவில்லை. காகித வியாபாரிக்கான பணத்தை அச்சக உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். அதன்பின் சில வாரங்கள் இருவரிடையே பேச்சு இல்லை.

பின் நடந்தவை

அந்த இடைவெளியில் அச்சக உரிமையாளர் வேறு நண்பர்களையும் அணுகினார். ஒருவர் 2 மாதச் சம்பள அளவுக்கு, எழுத்து எதுவுமின்றி, கேட்டவுடன் கொடுத்தார். அதில் கூலியும் வாடகையும் அடைந்தன. மீதி வட்டிக்குக் கரைந்தது. மாத இறுதியில் பற்றாக்குறை மீண்டும் தலைகாட்டியபோதுதான் அவர் ஆசிரியையை அழைத்து, அந்தத் தாளைப் பற்றிப் பேசினார்.

அதன்பின் மூன்று காரியங்கள் நடந்தன. தனியார் கடனைப் பற்றி அச்சக உரிமையாளர் தம் கணவரிடம் சொன்னார். வீட்டில் கடுமையான சில நாட்கள் கழிந்தன என்பதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை. கார்டு நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணைகளாக மாற்றித் தருமாறு வங்கியிடம் எழுதிக் கேட்டார், வங்கி ஒப்புக்கொண்டது. புதிய இயந்திரத்தை விற்க முடிவெடுத்தார். மூன்றாவதுதான் கடினமானது. நஷ்டத்தில் விற்க நேர்ந்தாலும் இயந்திரக் கடன் அடைந்து சிறிது மிஞ்சியது. மாதத் தவணை நின்றவுடன் அச்சகத்தின் வரவு செலவைத் தாண்டியது, சிறிதளவுதான் என்றாலும்.

வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்து 2 கொடுத்தார்; அச்சுத் தரத்தில் குறை இருப்பதாகச் சொல்லி மீதி 1-ஐ நிறுத்திவைத்தார். எழுத்தில் 'பாக்கி வந்தவுடன்' என்று மட்டுமே இருந்தது. பகுதி மட்டும் வந்தால் என்ன செய்வது என்பது குறிக்கப்படவில்லை. அச்சக உரிமையாளர் வெட்கத்தின் காரணமாக ஆசிரியையின் முழுத்தொகையையும் முதலில் தந்துவிட முனைந்தார். ஆசிரியை மறுத்து, வட்டி ஓடும் கடனுக்கே பெரும்பகுதி போகட்டும் என்றார். கணக்குப்படி அது சரி: வட்டியில்லாக் கடன் கடைசியில் அடைக்கப்படுவதே கடனாளிக்கு லாபம். நட்பில் கொடுத்த கடன் எப்போதும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவதற்கும் அதுவே காரணம். முடிவில் 0.4 உடனே தரப்பட்டு, மீதி 0.6 மாதம் 0.05 வீதம் 12 தவணைகளாக, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே செல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. தொகை சிறிது, ஆனால் ஒருவர் நினைவூட்டுவதும் மற்றவர் சாக்குச் சொல்வதும் இதனால் இல்லாமல் போயின. ஒரே ஒரு தவணை தள்ளிப்போனது. அதுவும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது.

தவணைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், அச்சக உரிமையாளரின் குடும்பம் சுற்றுலா சென்ற படங்களைப் பார்த்து ஆசிரியைக்கு மனக்கசப்பு உண்டானது. கடன் கொடுத்தவர் தம்மையறியாமல் வாங்கியவரின் செலவுகளைக் கண்காணிக்கத் தொடங்குவது இயல்பு. தவணை தவறாதவரை தோழியின் செலவு தோழியுடையது என்று அவர் கேட்காமல் விட்டார். அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் அச்சக உரிமையாளரின் அண்ணன் என்பது பின்னர் வேறொரு பேச்சில் தெரிய வந்தது.

கடைசித் தவணை வந்த அன்று எழுத்து கிழிக்கப்பட்டது. நட்பு தொடர்கிறது, முன்பிருந்த அளவுக்கு அன்றாடப் பேச்சு இல்லை. 2 கொடுத்த மற்ற நண்பருக்கு இதுவரை ஒரு பகுதிகூடத் திரும்பவில்லை. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். இந்த இருவரையும் ஒப்பிட்டு எழுத்துதான் நட்பைக் காத்தது என்று முடிவு கட்டுவதற்கில்லை. அவர் கொடுத்த தொகை பெரியது, போன இடமும் வருவாய் தராத இடம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எத்தனை பேரிடம் கடன் இருக்கிறது, வேறு யாரிடம் கேட்கப்பட்டிருக்கிறது என்ற முழுப் பட்டியல் முதல் பேச்சிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று பேச்சுகளில் அது துண்டு துண்டாக வந்ததால், 'இரண்டு நாள்' என்ற கெடு நெருங்கியபின்தான் தனியார் கடன் தெரிந்தது. அதற்கு முன்பே ஆசிரியை ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் திரும்பப் பெறுவது கடினமாகியிருக்கும். அந்தக் கெடுவுக்கும் காகித வியாபாரியைத் தவிர வேறெதிலும் அடிப்படை இருக்கவில்லை; எந்தக் கடனுக்கு எந்தத் தேதி என்று கேட்டிருந்தாலே அவசரம் பெருமளவு தணிந்திருக்கும்.

இயந்திரத்தை விற்பது பற்றிய பேச்சைக் கடன் பேச்சோடு சேர்த்தே நடத்தியிருக்கலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. கொடுக்கும் 1-க்கு அதை நிபந்தனையாக வைத்திருந்தால் அந்த 2 மாதச் சம்பளக் கடன் தவிர்ந்திருக்கும் என்பது ஆசிரியையின் இன்றைய எண்ணம். அப்படி வைத்திருந்தால் அந்த 1-ஐயும் தாம் வாங்கியிருக்க மாட்டார் என்கிறார் அச்சக உரிமையாளர்.

எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்பதில் இருவரும் உடன்படுகிறார்கள். பாக்கி பகுதியாக வந்தால் அதில் எத்தனை பங்கு ஆசிரியைக்கு என்று குறிக்கப்படாததால், 2 வந்த பிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் கழிந்தது. இன்று யாரேனும் இத்தகைய எழுத்துக்கு மாதிரி கேட்டால், பாக்கி எவ்வளவு வந்தாலும் அதில் பாதி, முழுக்கடனும் தீரும்வரை, என்ற வரியைச் சேர்த்தே கொடுக்கிறேன்.